முடிக்காமல் விட்ட புள்ளி

முழங்கையில் தேள், கழுத்தில் டிராகன், புஜத்தில் காதலி பெயர் (கொஞ்ச நாள் கழித்து அதன் மேலேயே ஒரு ரோஜாப்பூ) என்று பச்சை குத்திக்கொள்கிறவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். இவர்களுக்கு நடுவில், மணிக்கட்டில் ஒரு சின்னப் புள்ளி, அதற்குக் கீழே வால் வைத்த இன்னொரு புள்ளி, அவ்வளவுதான் என்று ஒன்றைப் பார்த்தால், 'இதுக்குப் போயா காசு கொடுத்து ஊசி குத்திக்கிட்டாங்க?' என்று தோன்றும். மச்சத்துக்கு வால் முளைத்த மாதிரி இருக்கும்.

அது அரைப்புள்ளி. ஆங்கிலத்தில் செமிகோலன். சாஃப்ட்வேர்காரர்கள் உடனே தங்கள் தொழில் சின்னம் என்று உரிமை கொண்டாட வேண்டாம். மனச்சோர்வோடும் தற்கொலை எண்ணத்தோடும் போராடியவர்கள், அப்படிப் போராடிய ஒருவரை இழந்தவர்கள், இவர்கள் எல்லாம் உலகம் முழுக்கக் குத்திக்கொள்கிற அடையாளம் அது.

ஒரு கவிதையை எடுத்து வைத்துக்கொண்டு விமர்சனம் பண்ணுவதைப் போல, இந்தப் புள்ளியை விமர்சனம் பண்ணிப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஒரு வார்த்தைகூட இல்லை, வெறும் நிறுத்தக்குறி. ஆனால் லட்சக்கணக்கான புத்தகங்கள் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லிவிட்டது. அதில் ஒரு பிழையும் இருக்கிறது. இரண்டையும் பார்ப்போம்.

முதலில் கதை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஏமி ப்ளூயெல் என்று ஒரு பெண். 2003ல் அவருடைய அப்பா தற்கொலையால் இறந்தார். ஏமிக்கும் சின்ன வயதிலிருந்தே மனச்சோர்வு. பல வருஷம் கழித்து, அப்பாவின் நினைவாக ஏதாவது செய்ய வேண்டும் என்று 2013ல் 'ப்ராஜெக்ட் செமிகோலன்' என்ற இயக்கத்தை ஆரம்பித்தார். ஆரம்பத்தில் ஊசியெல்லாம் கிடையாது. அந்த ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் எல்லோரும் பேனாவால் மணிக்கட்டில் ஒரு அரைப்புள்ளி வரைந்துகொள்ளுங்கள், அவ்வளவுதான் வேண்டுகோள். குளித்தால் போய்விடுகிற மை. மக்கள்தான் அதைப் போகாத மையாக மாற்றிக்கொண்டார்கள்.

அவர் சொன்ன விளக்கம் எளிமையானது. ஒரு வாக்கியத்தை முற்றுப்புள்ளி வைத்து முடித்திருக்க முடியும், ஆனாலும் எழுதுகிறவர் முடிக்காமல் தொடர்கிறார், அங்கேதான் அரைப்புள்ளி வரும். எழுதுகிறவர் நீங்கள், வாக்கியம் உங்கள் வாழ்க்கை.

இந்தக் குறிக்கும் ஒரு ஜாதகம் உண்டு. 1490களில் வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற அச்சக அதிபர், பியத்ரோ பெம்போ எழுதிய ஒரு லத்தீன் புத்தகத்துக்காக இதைப் புதிதாக வார்த்து அச்சேற்றினார். எட்னா எரிமலை ஏறியதைப் பற்றிய அந்தப் புத்தகம், ஒரு மகனும் அப்பாவும் உட்கார்ந்து பேசிக்கொள்வதாக எழுதப்பட்டது. அப்பாவுக்கும் பிள்ளைக்குமான பேச்சுக்காகப் பிறந்த குறி, ஐந்நூறு வருஷம் கழித்து அப்பாவை இழந்த ஒரு மகளின் கையில் போய்ச் சேர்ந்திருக்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. மொழி சில சமயம் இந்த மாதிரி விளையாடும்.

நடுவில் இதற்கு எதிரிகளும் உண்டு. அமெரிக்க நாவலாசிரியர் கர்ட் வானகட் அரைப்புள்ளியே வேண்டாம் என்றவர். காலேஜில் படித்தவன் என்று காட்டிக்கொள்ளத்தான் அது பயன்படும் என்பது அவர் கட்சி. பாவம், பிற்காலத்தில் அது என்ன வேலை செய்யப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இனி பச்சைக்கு வருவோம். மனநோய் என்றாலே ஒரு வார்த்தை கூடவே வரும், ஸ்டிக்மா. களங்கம், அவமான முத்திரை என்று தமிழில் எழுதுகிறோம். அது கிரேக்கச் சொல். குத்துவது என்ற வினையிலிருந்து வந்தது. பழைய கிரேக்கத்தில் ஓடிப்போய்ப் பிடிபட்ட அடிமையின் உடம்பில் ஊசியால் குத்தி மை ஏற்றிய அடையாளத்துக்குத்தான் அந்தப் பெயர். ஆக, ஸ்டிக்மா என்றால் முதல் அர்த்தமே பச்சை குத்துவதுதான்!

கிரேக்கத்தோடு நிற்கவில்லை. நம் நாட்டிலும் கிழக்கிந்தியக் கம்பெனி அதைச் செய்தது. 1797ல் வங்காளத்தில் சட்டம் போட்டு, ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சையாகக் குத்தினார்கள். கோத்னா என்று பெயர். பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1849ல்தான் ரத்து செய்தார்கள். நெற்றியில் குத்தப்பட்டவர்கள் தலைப்பாகையை இறக்கிக் கட்டியும் முடியை வளர்த்து முன்னால் விட்டும் மறைத்துக்கொண்டு திரிந்தார்களாம்.

இந்தச் சரித்திரத்தைத் தெரிந்துகொண்டு மணிக்கட்டில் இருக்கிற அரைப்புள்ளியைப் பாருங்கள். ஊசி அதே ஊசி, மை அதே மை. ஆனால் எல்லாம் தலைகீழ். அன்றைக்கு மற்றவன் குத்தினான், இன்றைக்கு அவரே குத்திக்கொள்கிறார். அன்றைக்கு நெற்றியில், எல்லோரும் படிக்க. இன்றைக்கு மணிக்கட்டில். வாட்ச் கட்டினால் மறைந்துவிடும், கழற்றினால் தெரியும். யாரிடம் காட்டுவது, யாரிடம் மறைப்பது என்பது அவர் இஷ்டம். ஒரு களங்கத்தை அதே ஆயுதத்தை வைத்தே திருப்பி அடிப்பது என்றால் இதுதான். இந்தச் சின்னத்தின் முதல் வெற்றி என்று இதைச் சொல்வேன்.

நம் ஊரிலும் பச்சை புதுசு இல்லை. குறவப் பெண்கள் ஊர் ஊராக வந்து, பாட்டிமார் கையில் கோலம் மாதிரி குத்திவிட்டுப் போவார்கள். புருஷன் பெயரைக் குத்திக்கொண்டவர்கள் உண்டு, சாமி பெயரைக் குத்திக்கொண்டவர்கள் உண்டு. எழுபதுகளில் எம்.ஜி.ஆர். தன் கட்சிக்காரர்களைக் கொடியைப் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னதும், அதில் கட்சிக்குள்ளேயே சிலர் முறைத்துக்கொண்டதும் பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் ஒரே இலக்கணம். 'நான் இன்னாரைச் சேர்ந்தவன்' என்று சொல்வது. கணவன், கடவுள், கட்சி. அரைப்புள்ளி யாரையும் சேர்ந்ததாகச் சொல்வதில்லை. 'நான் இன்னும் இருக்கிறேன்' என்கிறது, அவ்வளவுதான்.

சரி, பாராட்டு போதும். வேறு ஒன்றோடு ஒப்பிட்டால்தானே இதன் தரம் தெரியும்?

2015ல் அமெரிக்கக் கல்லூரி மாணவி ஒருத்தி தொடையில் குத்திக்கொண்ட ஆங்கில வரி ஒன்றின் படம் ஃபேஸ்புக்கில் பிரமாதமாகப் பரவியது. எதிரே நிற்கிறவர் படித்தால் 'நான் நல்லா இருக்கேன்' என்று இருக்கும். அதையே அந்தப் பெண் குனிந்து பார்த்தால், எழுத்து தலைகீழாகி, 'என்னைக் காப்பாத்துங்க' என்று இருக்கும். மனச்சோர்வு எப்படி வெளியே ஒரு முகமும் உள்ளே ஒரு முகமும் காட்டும் என்பதற்கு இதைவிட நல்ல படம் வரைய முடியாது. கெட்டிக்காரத்தனமான வேலை. பார்த்தால் ஒரு நிமிஷம் மூச்சு நிற்கும்.

ஆனால் ஒரே நிமிஷம்தான். புதிருக்கு விடை தெரிந்துவிட்டால் அப்புறம் அதில் பார்க்க ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடுகிறது. அரைப்புள்ளி அப்படி இல்லை. கால்வாசி சொல்லி முக்கால்வாசியை விட்டுவைக்கிறது. என்ன நடந்தது, எவ்வளவு நாள், யார் கைவிட்டார்கள், யார் கை கொடுத்தார்கள், எதையும் சொல்லாது. 'இங்கே ஏதோ நின்றது, பிறகு தொடர்ந்தது' என்பதோடு சரி. தான் ஜெயித்துவிட்டதாகவும் பீற்றிக்கொள்ளாது. சிங்கம், பீனிக்ஸ் பறவை, நெருப்பு என்று குத்திக்கொள்கிறவர்களிடம் இருக்கிற மார்தட்டல் இதில் இல்லை. அடக்கமான சின்னம். நல்ல கவிதைக்கு நாம் கேட்பதும் அதைத்தானே!

இப்போது பிழை. சின்னத்தில் இல்லை, அதற்குக் கீழே எழுதின உரையில் இருக்கிறது.

'எழுதுகிறவர் நினைத்திருந்தால் முடித்திருக்கலாம், முடிக்கவில்லை' என்ற விளக்கத்தை இன்னொரு தரம் படியுங்கள். உயிரோடு இருக்கிறவருக்கு அது தட்டிக்கொடுப்பு. ஆனால் இறந்துபோனவருக்கு? அவர் முடிக்க நினைத்தார், முடித்தார் என்றல்லவா ஆகிவிடுகிறது! உயிர் பிழைப்பது மன உறுதி என்றால், பிழைக்காதவருக்கு மன உறுதி போதவில்லை என்று அர்த்தம் வந்துவிடும். மஞ்சள் காமாலையில் போனவரைப் பார்த்து 'உறுதி பத்தலை' என்று யாராவது சொல்வார்களா? கடுமையான மனச்சோர்வு முதலில் தாக்குவதே, எது வேண்டும் எது வேண்டாம் என்று யோசிக்கிற அந்த இடத்தைத்தான். எழுதுகிற கையையே பிடுங்கிக்கொள்கிற வியாதியிடம் போய், 'எழுதுறது நீங்கதான் சார்' என்றால் எப்படி?

இது வெறும் வார்த்தைச் சண்டை இல்லை. 2017 மார்ச் மாதம் ஏமி ப்ளூயெல் இறந்தார். தற்கொலை. வயது 31.

அந்தச் செய்தி வந்தபோது கையில் அரைப்புள்ளி குத்தியிருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? கடிதம் எழுதினவரே கடிதத்தை நம்பவில்லையா என்று கேட்கத் தோன்றும். அந்த வாசகத்தின்படி பார்த்தால் அவர் தோற்றுப்போன ஆசிரியர். அது எவ்வளவு பெரிய அநியாயம்! அப்பா இறந்து 14 வருஷம் ஒவ்வொரு நாளும் அவர் தன் வியாதியோடு வாழ்ந்தார். நடுவில் முகம் தெரியாத எத்தனையோ பேருக்குத் தாங்கள் தனி ஆள் இல்லை என்று சொன்னார். இதயநோய் விழிப்புணர்வுக்கு உழைத்த டாக்டர் மாரடைப்பில் இறந்தால், அவர் சொன்னதெல்லாம் பொய் என்று யாரும் சொல்வதில்லை. மனசுக்கு மட்டும் தனிச் சட்டம் வைத்திருக்கிறோம்.

அதே 2017ல் அரைப்புள்ளி ஃபேஷனாகவும் ஆகிவிட்டது. நெட்ஃப்ளிக்ஸில் தற்கொலையை மையமாக வைத்து வந்து பெரிய சர்ச்சையான '13 ரீசன்ஸ் வை' தொடரைத் தயாரித்தவர்களில் ஒருவரான பாடகி செலினா கோமஸும், அதில் நடித்த இரண்டு பேரும் சேர்ந்து போய் ஆளுக்கொரு அரைப்புள்ளி குத்திக்கொண்டார்கள். இதைக் கிண்டல் பண்ண எனக்கு மனசில்லை. செலினா தன் மனநலப் பிரச்னைகளைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர். ஆனால் ஒரு சின்னம் பிரபலமானால் அதன் அர்த்தம் கொஞ்சம் மழுங்கும். 'நான் மீண்டுவிட்டேன்' என்ற சர்டிஃபிகேட் மாதிரி அதைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் குத்திக்கொண்டவருக்கு ஒரு மோசமான நாள் வந்தால், அதை வெளியே சொல்வதே கஷ்டமாகிவிடும். கையில் இருப்பதே சாட்சி சொல்லுமே!

இந்த இடத்தில் விஞ்ஞானம் ஒரு உதவி செய்கிறது. பச்சை ஏன் அழிவதில்லை? தோலின் அடி அடுக்கில் மை கறையாக உறைந்துபோய்விடுகிறது என்றுதான் நாம் நினைப்போம். அப்படி இல்லை. ஊசி குத்தினதும் உடம்பு அதை ஆபத்தாக நினைத்து, மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவு செல்களை அனுப்புகிறது. அவை மையை விழுங்குகின்றன. ஜீரணிக்க முடியாமல் வயிற்றில் வைத்துக்கொண்டே அங்கே உட்கார்ந்திருக்கின்றன. அந்தச் செல்களுக்கும் ஆயுள் உண்டு. இறந்ததும் மை வெளியே வரும். உடனே புதுச் செல் ஒன்று அதை வாங்கி விழுங்கிக்கொள்ளும். பிரான்ஸில் மார்செய் நகர விஞ்ஞானிகள் எலிகளின் வாலில் பச்சை குத்திப் பார்த்து, 2018ல் இதை நிரூபித்தார்கள்.

அதாவது, நீங்கள் பார்க்கிற பச்சை ஒரு தடவை குத்தி முடிந்த சமாசாரம் இல்லை. ஒருவர் விட, இன்னொருவர் வாங்க என்று அஞ்சல் ஓட்டம் மாதிரி தோலுக்கு அடியில் அது தொடர்ந்து நடந்துகொண்டிருக்கிறது. பார்க்கிறவனுக்கு அசையாத புள்ளி. உள்ளே கை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

மனநோயிலிருந்து மீள்வதும் ஏறக்குறைய இப்படித்தான். ஒரு நாள் 'குணமாயிடுச்சு' என்று மணி அடிக்காது. மாத்திரை, தூக்கம், டாக்டர், ராத்திரி பதினொரு மணிக்கு ஃபோனை எடுக்கிற சிநேகிதி, 'சாப்பிட்டியா?' என்று மட்டும் கேட்கிற அம்மா என்று ஒருவர் களைத்தால் இன்னொருவர் வாங்கிக்கொள்ள வேண்டும். எழுதுகிறவர் ஒருத்தர் இல்லை. இந்த இடத்தில்தான் சின்னம் தன் வாசகத்தைவிட உசத்தியாக நிற்கிறது. அரைப்புள்ளிக்கு இலக்கணம் என்ன? அதோடு வாக்கியம் முடியக் கூடாது. முன்னால் ஒரு பகுதி, பின்னால் ஒரு பகுதி, இரண்டும் இருந்தால்தான் அதற்கு வேலை. தனியாக ஒரு அரைப்புள்ளிக்கு அர்த்தமே கிடையாது.

தமிழில் அரைப்புள்ளி என்று ஒன்று இருப்பதே பலருக்குப் பள்ளிக்கூடத்தோடு மறந்துபோயிருக்கும். ஓலைச்சுவடியில் நிறுத்தக்குறியே கிடையாது. எல்லாம் அச்சு வந்த பிறகு ஐரோப்பியர் வழியாக வந்தவை. ஆனால் நமக்கு வேறு ஒரு ஏற்பாடு இருக்கிறது. 'வந்தான்' என்றால் முற்று. 'வந்து' என்றால் எச்சம். 'விழுந்து' என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள். கேட்கிறவர் சும்மா இருக்க மாட்டார். 'விழுந்து... அப்புறம்?' என்பார். எழுந்தானா, அழுதானா, யாராவது தூக்கிவிட்டார்களா? எச்சம் என்றால் மிச்சம் என்றுதானே அர்த்தம். இன்னும் மிச்சம் இருக்கிறது என்று சொல்லும் வினைக்கு நம் இலக்கணக்காரர்கள் பொருத்தமாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கவனியுங்கள், 'அப்புறம்?' என்று கேட்பது சொன்னவர் இல்லை, கேட்டவர். எச்சம் கேட்கிறவரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வாரப் பத்திரிகை வாசகரான உங்களுக்கு இது தெரியாததா? தொடர்கதையின் கீழே 'தொடரும்' என்று போட்டால், அடுத்த வியாழன் வரை உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது நீங்கள்தானே!

நம் ஊரில் இந்த 'அப்புறம்?' கேட்க நாம் எடுத்துக்கொண்ட காலம் ரொம்ப அதிகம். 2001 ஆகஸ்ட் 6ம் தேதி ஏர்வாடியில் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் இறந்தார்கள். 28 பேர். அவர்கள் காலில் இருந்த இரும்புதான் அன்றைக்கு மனநோயின் அடையாளம். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரை, ஆறுதல் சொல்வதற்கு முன்னால் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்த 309வது பிரிவு 1860லிருந்து இருந்தது. அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017ல் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்லி, அது 2018ல் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலையில் அமலான பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவு அப்படியே இல்லை. அரசு ஊழியரைப் பணியவைக்கச் செய்கிற தற்கொலை முயற்சி மட்டும் குற்றமாக மிஞ்சியிருக்கிறது. சட்டம் வைத்திருந்த கோத்னாவை அழிக்க இவ்வளவு வருஷம். மனிதர்கள் மனசில் இருக்கிற கோத்னாவை எந்தப் பார்லிமெண்ட் அழிக்கும்?

சென்னையில் 1986லிருந்து 'சிநேகா' அமைப்பின் தொண்டர்கள் செய்வது, அலட்டிக்கொள்ளாமல் காது கொடுத்துக் கேட்பது. 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்த 'டெலி மானஸ்' சேவைக்கு 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும், காசு கிடையாது. இந்த எண்ணைப் பச்சை குத்திக்கொள்ள வேண்டாம். ஃபோனில் போட்டு வையுங்கள், உங்களுக்கோ, உங்களுக்கு வேண்டிய ஒருவருக்கோ.

குத்திக்கொள்ள நினைக்கிற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பச்சை மருந்து இல்லை. டாக்டரும் சிகிச்சையும் நடந்துகொண்டிருக்க, கூடவே ஒரு ஞாபகக்குறிப்பாக இருந்தால் அழகு. அவற்றுக்குப் பதிலாக என்றால் ஏமாற்றம்தான். சுத்தமான இடமா, புது ஊசியா என்று பார்த்துக் குத்திக்கொள்ளுங்கள். பேனாவும் போதும். ஏமி கேட்டது பேனாவைத்தான்.

குத்திக்கொள்ளாத மற்ற நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. கிரேக்க மொழியில் இதே குறி, புள்ளியும் அதன் கீழே வாலும், கேள்விக்குறி. இன்றைக்கும் ஏதென்ஸ் தெருக்களில் 'எப்படி இருக்கீங்க' என்று எழுதினால் கடைசியில் போடுவது இதைத்தான். பஸ்ஸில், ஆபீஸில், காலேஜ் கேன்டீனில் யார் மணிக்கட்டிலாவது அரைப்புள்ளியைப் பார்த்தால், 'உனக்கு என்ன ஆச்சு?' என்று துருவாதீர்கள். 'அட, நீங்க ஜெயிச்சுட்டீங்க' என்று மாலையும் போடாதீர்கள். கிரேக்கர்கள் படிக்கிற மாதிரி படியுங்கள். எப்படி இருக்கீங்க என்று கேளுங்கள். பதில் வருகிறவரை அங்கேயே இருங்கள்.